நான் ஒரு சொட்டுத் தண்ணி கலக்கலீங்க

ஏனுங்க சார், பாத்து, பாத்து! அந்தக் கேனைக் காலால ஒதைச்சுப்போடாதீங்க. கொஞ்சம் அக்கட்டால நகத்தி வெச்சுட்டு உக்காருங்க. செருப்புக் காலு படக்கூடாதுங்க. அது தீர்த்தம். பவானி கூடுதுறைத் தீர்த்தம்.

பஸ்ஸுக்கு என்னாச்சு, பெல்ட் அந்துருச்சுங்களா? அட விடுங்க. நானும் சங்ககிரிதான் போறேன், எறக்கி விட்டுடறேன். ஆனா சீக்கிரம் போய்ச் சேருவோம்னு மட்டும் நெனைக்காதீங்க. முன்னால பாருங்க, பாலம் கட்டறேன்னு ரோட்டைப் பாதியா வெட்டி வெச்சிருக்கானுங்க. கொமாரபாளையம் தாண்டறதுக்குள்ள ஒரு கதையே சொல்லி முடிச்சுப்போடலாம். கதை என்ன கதை, என் கதைதான். என் பேரு அர்த்தனாரி. ஒத்தை லாரிக்காரன். நானே ஓனரு, நானே டிரைவரு.

மொதல்ல இதோ இந்த மீட்டர் போர்டைப் பாருங்க. இந்த மூலையில. ஏதாச்சும் எரியுதுங்களா? நல்லா குனிஞ்சு பாருங்க. எரியலையில்ல? இந்த எரியாத வெளக்கைப் பாக்கறதுக்கு நான் பட்ட பாடு இருக்குதே, அது என் எதிரிக்குக்கூட வரக்கூடாது. இல்ல, ஒருத்தன் ரெண்டு பேருக்கு வரலாம்.

இப்ப வர்ற டீசல் வண்டிகளுக்கு டீசல் மட்டும் பத்தாதுங்க. யூரியான்னு ஒன்னு ஊத்தோணும். வயலுக்கு எறைக்கற யூரியா இல்லீங்க, கேன்ல அடைச்சு விக்கறாங்க. பாத்தா தண்ணியாட்டத்தான் இருக்கும், ஆனா தண்ணி இல்லை. அதுக்குன்னு தனி டேங்கு, தனி வாய், நீல மூடி. சைலன்சருக்குப் போற புகை மேல அதைப் பீச்சியடிச்சா புகையில இருக்கற விஷம் போயிருமாமா. புகையைக் குளிப்பாட்டி வெளிய அனுப்புதுன்னு வெச்சுக்கங்களேன். அந்த டேங்குக்குள்ள ஒரு சென்சார் உக்காந்திருக்குது. ஊத்துன யூரியா நல்லதா கெட்டதான்னு பாத்து மேல சொல்றதுதான் அதுக்கு வேலை. கோள் சொல்றதுக்குன்னே சம்பளம் இல்லாத ஆளு. அந்தக் கோள்சொல்லிதானுங்க எங்க குடும்பத்துக்குள்ள புகுந்துச்சு.

போன தையில வண்டி எடுத்தேன். எடுத்த கையோட கூடுதுறைக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டேன். சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழம், மாலை, பூசணிக்காய், ஒன்னும் கொறை வெக்கலை. பொறவு தீர்த்தம். எங்க பழக்கம் என்னன்னா, புது வண்டிக்கு எல்லா வாயிலயும் தீர்த்தம் விடோணும். ரேடியேட்டருக்கு ஒரு கை. வைப்பர் டப்பாவுக்கு ஒரு கை. டீசல் டேங்குல விடமாட்டேன், நான் என்ன மடையனா? டீசல்ல கண்டதும் கலந்தா இஞ்சின் என்னாகும்னு எனக்குத் தெரியாதா? கேன்ல இருந்த மிச்சத்தை அப்படியே அந்த நீல மூடியைத் தொறந்து உள்ள கவுத்துட்டேன். ஏழு ஜென்மத்துப் பாவத்தையே கழுவற தீர்த்தம், புகையைக் கழுவாதுங்களா? நீங்களே சொல்லுங்க.

அது நல்லபடியா முடிஞ்சுதுங்க. ஆனா எவன் கண்ணு பட்டுச்சோ. ஜவ்வரிசி லோடு ஏத்திட்டு வடக்க போறேன், தொப்பூர்க் கணவாய்ல ஏறறப்ப இந்த வெளக்கு எரியுது. மஞ்சக் கலர்ல, கண்ணைச் சிமிட்டுது. எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகுதுன்னு மிதிச்சேன். மிதிக்க மிதிக்க வண்டி எளைச்சுப் போகுது. யூரியா சரியில்லைன்னு சென்சார் சொல்லிருச்சுன்னா இஞ்சினே தன் பலத்தைக் கொறைச்சுக்குமாமா. சோறு சரியில்லைன்னு மருமவன் கோச்சுக்கிட்டு உக்காந்துக்கறதில்லையா, அதாட்ட. மாட்டுவண்டி வேகத்துக்கு வந்துருச்சு. பின்னால இருந்து டிவிஎஸ் வண்டியில கோழிக்கூண்டு கட்டிட்டு ஒருத்தன் வந்தான். என்னைத் தாண்டிப் போறான். கூண்டுக்குள்ள இருக்கற கோழி எல்லாம் தலையை வெளிய நீட்டி என்னையே பாத்துட்டுப் போகுதுங்க. கோழிக்கடைக்குப் போற கோழி, அது என்னைப் பாத்துப் பரிதாபப்படுது.

எப்படியோ போய் எறக்கிட்டு வந்து நேரா தீபன் பட்டறைக்கு வண்டியை விட்டேன். தீபன் யாருன்னா, எங்க அக்கா மகன். எனக்கு மருமவன் மொறை. சங்ககிரியில பட்டறை வெச்சிருக்கான், படிச்ச பையன், லேப்டாப்பை மாட்டி வண்டி நோவைக் கண்டுபிடிச்சுருவான். எம் பொண்ணு தாரணியை அவனுக்குத்தான்னு அதுக பால்குடி மறக்கறதுக்கு முன்னாலயே பேசி வெச்சாச்சு. அதுகளுக்கும் புடிச்சுப் போச்சு. தையில வண்டி, வைகாசியில நிச்சயம்னு நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டு வெச்சிருந்தேன்.

"மாமா, யூரியா தரம் சரியில்லைன்னு காட்டுது"ன்னான்.

"லேப்டாப் கெடக்குது. உனக்கு என்ன தோணுது, அதைச் சொல்லு."

"சென்சார் கெட்டிருக்கலாம். ஒயர் கெட்டிருக்கலாம். இல்ல, உள்ள இருக்கறதே நெஜமாக் கெட்டிருக்கலாம். ஒன்னொன்னாக் கழிச்சுப் பாக்கலாங்க மாமா."

நிதானமான பையன்தானுங்க. ஒயர் போய் மாட்டற எடத்தைக் கழட்டுனான். வெள்ளையா என்னமோ பூத்திருந்துச்சு. "யூரியா கசிஞ்சு காஞ்சா இப்படித்தான் மாமா, உப்பாப் பூக்கும். எங்க கசிஞ்சாலும் பூக்கும்"னு சொல்லிட்டுத் தொடச்சான். தொடச்சும் வெளக்கு அணையலை. அப்பறம் என் சென்சாரைக் கழட்டி, பட்டறையில நின்ன இன்னொரு லாரியில மாட்டுனான். அந்த லாரியில போய் அது என்ன சொல்லுது தெரியுமா? எல்லாம் நல்லா இருக்குதுன்னு சொல்லுது! அந்த லாரி சென்சாரைக் கொண்டாந்து என் வண்டியில மாட்டுனான். அது ஒரு நாளும் என்னைப் பாத்ததில்லை, எனக்கும் அதுக்கும் ஒரு பகையும் இல்லை. அதுவும் வந்ததும் வராததுமா என் யூரியா சரியில்லைங்குது. ஒரே கம்பெனி சரக்கு, ஒன்னுக்கொன்னு பேசி வெச்சுக்கும்போல.

அதோட விட்டானா? ஒரு குழாயை எடுத்தான். டாக்டருக காதுக்குள்ள விட்டுப் பாக்கறாங்களே, அதாட்ட. டேங்குல இருந்து ஒரு சொட்டு எடுத்து அது நுனியில விட்டு, வெய்யிலுக்கு நேரா தூக்கிப் பாத்தான். பாத்துட்டு என்னைப் பாத்தான். மறுபடியும் அதைப் பாத்தான்.

"மாமா, கோச்சுக்காதீங்க. இதுல தண்ணி கலந்திருக்குது."

பட்டறையில அத்தனை பேரு நிக்கறாங்க. டிரைவருக, டீக்கடைக்காரன், எல்லாரும். அத்தனை பேரு முன்னாலயும் சொல்றான், நான் தண்ணி கலந்தேன்னு.

நீங்க வெளியூரு, உங்களுக்குத் தெரியாது. எங்க அப்பாரு பால்கார நாச்சிமுத்து. ஊரெல்லாம் பால் ஊத்துனவரு. சுத்தமான பாலு. ஆனா சொசைட்டியில பால் அளக்கறவன் ஒருத்தன் இருந்தான், அவனுக்கும் எங்க அப்பாருக்கும் ஆகாது. அதுக்கும் ஒரு குழா உண்டுங்க, பாலுக்குள்ள முக்கிப் பாக்கறது. அதை முக்கிப் பாத்துட்டு "நாச்சிமுத்து, பால்ல தண்ணி"ன்னு திருப்பி அனுப்பிச்சுருவான். அதுலயும் ஒரு வஞ்சம் பாருங்க, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதான் அனுப்புவான். எங்க அப்பாரு வெள்ளிக்கிழமைன்னா மாட்டுக்குக் கண்ணு படக்கூடாதுன்னு சாமி கும்புட்டு, கோயில் தீர்த்தம் ரெண்டு சொம்பு கேன்ல விட்டுத்தான் பாலைக் கொண்டுபோவாரு. அத்தனை பக்தி. அந்த மனுசனைப் போயி தண்ணி கலக்கறவன்னு சொன்னான். ஊர்ல பையனுக எனக்குப் பேரே "தண்ணிப்பால்"னு வெச்சானுங்க. பள்ளிக்கூடத்துல வாத்தியாரே ஒருநாள் அப்படிக் கூப்புட்டாரு. அன்னிக்கு வீட்டுக்கு வந்து அழுதது எனக்கு இன்னும் மறக்கலைங்க.

அதே குழா. அதே பேச்சு. அதுவும் எங்க அக்கா மகன் வாயில இருந்து.

"டேய், நான் ஒரு சொட்டுத் தண்ணி கலக்கலை"ன்னேன். பட்டறையில மாட்டியிருந்த சாமி படத்துக்கு முன்னால சூடத்தைப் பத்தவெச்சு, அணைச்சு, சத்தியம் பண்ணேன். பொய்ச் சத்தியம்னா அன்னிக்கே என் கை வெந்திருக்குமுங்க. இதோ கை, பாருங்க. ஒன்னும் ஆகலை.

"உங்களை நான் சொல்லலீங்க மாமா. டேங்குக்குள்ள தண்ணி இருக்குதுன்னுதான் சொல்றேன். எப்படி வந்துச்சுன்னு பாக்கலாம்."

"என் டேங்கு, என் வண்டி, நான் ஊத்துன யூரியா. அப்ப என்னைத்தானடா சொல்றே? சென்சார் பொய் சொல்லுதுன்னு சொல்லு, முடிஞ்சு போச்சு."

"சென்சார் பொய் சொல்லலீங்க மாமா."

அவ்வளவுதான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "என்னைத் தண்ணி கலக்கறவன்னு சொன்னவனுக்கு எம் பொண்ணு இல்லை. சென்சார்தான் தப்புன்னு நீ உன் வாயால சொல்லோணும். இந்த வெளக்கு அணைஞ்ச வண்டியிலதான் நிச்சயத்துக்கு வெத்தலைபாக்குத் தட்டு ஏறும். அதுவரைக்கும் எங்க ஊட்டு வாசப்படி மிதிக்காதே"ன்னு சொல்லிப்போட்டேன். அவன் மூஞ்சி சுண்டிப் போச்சு. ஆனா வாயைத் தொறக்கணுமே? தொறக்கலை. ஒரு பொய்யைச் சொல்லிட்டா என்ன கொறைஞ்சா போவான்? நான் பொய் சொல்லச் சொல்லலீங்க, உண்மையைத்தான் சொல்லச் சொன்னேன். ஆனா அவனுக்கு அது பொய்யாத் தெரியுதில்ல, அதைத்தான் சொல்றேன்.

அவன் என்ன பண்ணான், டேங்கைக் காலி பண்ணிட்டுப் புது யூரியா ஊத்தி வண்டியைக் குடுத்தான். வெளக்கு அணைஞ்சு போச்சு. பாத்தீங்களா? ஒயரைத் தொடச்சான், அணைஞ்சுது. அப்பக் கோளாறு ஒயர்லதான? ஆனா ஒத்துக்க மாட்டானே.

சரி, இனி ஒன்னும் வராதுன்னு நெனைச்சேன். அமாவாசை வந்துச்சு. கூடுதுறைக்குப் போய் எங்க அப்பாருக்குத் திதி குடுத்துட்டு, ஒரு கேன் தீர்த்தம் புடிச்சாந்து, ரேடியேட்டருக்கு ஒரு கை, வைப்பருக்கு ஒரு கை, நோவு எங்க இருக்குதோ அங்க எச்சா விடோணுமில்ல, மிச்சம் பூராவும் நீல மூடிக்கு. லோடு ஏத்திட்டுக் கெளம்புனா வெளக்கு மறுபடியும் எரியுது.

சேலத்துல ஒரு பெரிய பட்டறைக்குப் போனேன். கழுத்துல அட்டை மாட்டிட்டு ஒருத்தரு வந்தாரு. "சார், இதுல..."ன்னு ஆரம்பிச்சாரு. "தண்ணின்னு மட்டும் சொன்னீங்கன்னா நடக்கறதே வேற. புது சென்சார் மாட்டுங்க"ன்னேன். மாட்டுனாங்க. டேங்கைக் கழுவித்தான் மாட்டுனாங்க, சும்மா சொல்லக்கூடாது. நல்லாத்தான் ஓடுச்சு. அடுத்த அமாவாசை வந்துச்சு, தீர்த்தம் ஊத்துனேன், எரிஞ்சுது. பழைய சென்சார் போறப்பவே புதுசுக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போயிருச்சுங்க.

இன்னொருத்தன் வந்தான், சின்னதா ஒரு பெட்டி இருக்குது, அதை மாட்டுனா சென்சார் என்ன கத்துனாலும் வெளிய கேக்காதுன்னான். வெரட்டி விட்டேன். சட்டப்படி தப்புங்கறது ஒருபக்கம் இருக்கட்டும். என்னைத் திருடன்னு ஒருத்தன் சொன்னா அவன் வாயைத் தைக்கறதா மருவாதி? அவன் சொன்னது பொய்னு ஆகோணும், அதுதான மருவாதி?

எங்க ஊட்டுக்காரி சரசா ஒருநாள் காப்பி கொண்டாந்து வெச்சுட்டுச் சொன்னா, "ஏனுங்க, நானும் பாக்கறேன், அமாவாசைக்கு அமாவாசைதான் இந்த வெளக்கு எரியுது"ன்னு. அப்பத்தானுங்க எனக்குப் பொறி தட்டுச்சு. அமாவாசை! செய்வினைங்க! எவனோ அமாவாசைக்கு அமாவாசை உக்காந்து என் வண்டிக்கு வெக்கறான். "அதில்லீங்க, நீங்க அன்னிக்கு..."ன்னு இழுத்தா. "நீ சொன்னதே போதும் சரசா, எனக்கு வெளங்கிருச்சு"ன்னு எந்திரிச்சுட்டேன். பொம்பளைகளுக்குச் சில சமயம் அவங்களுக்கே தெரியாம நல்ல விசயம் வாயில வந்துருது. அடுத்த அமாவாசைக்கு ஒரு கேனை ரெண்டு கேனாக்குனேன்.

அந்தத் தடவை வண்டி நகரவே இல்லைங்க. சேலத்துக்காரங்க வந்து டேங்கைக் கழுவுனப்பறம்தான் நகந்துச்சு. எவ்வளவு பலமான செய்வினைன்னு பாத்துக்கங்க.

இதுக்கு நடுவுல ஊடு ஊடா இல்லை. தாரணி பேச மாட்டா. சோத்துத் தட்டுல வெரலால கோலம் போட்டுட்டு உக்காந்திருப்பா. எங்கக்கா போன் பண்ணி அழுகுது. வைகாசி போச்சு, ஆனி போச்சு. நான் ரோட்டுல ஓட்டறவன், ஊட்டுக்கு வந்தா எம் பொண்ணு வாசலுக்கு ஓடியாந்து "அப்பா, என்ன கொண்டாந்தீங்க?"ன்னு கேப்பா. அத்தனை வயசாகியும் கேப்பா. அது நின்னு போச்சு. எனக்கு மட்டும் வலிக்கலைன்னு நெனைக்கறீங்களா? ராப்பகலா வலிச்சுது. ஆனா நான் எறங்கி வந்தா எங்க அப்பாரும் தண்ணி கலந்தவருன்னு ஆயிருமே. அவரு திரும்பி வந்து இல்லைன்னு சொல்லவா போறாரு?

ஒருநாள் பொழுதோட பொண்ணு பக்கத்துல வந்து உக்காந்தா. கெமிஸ்ட்ரி படிச்ச புள்ளைங்க. "அப்பா, அமாவாசைக்கு வண்டிக்கு நீங்க என்னென்ன செய்யறீங்க, ஒன்னொன்னாச் சொல்லுங்க"ன்னு கேட்டா. டாக்டர் கேக்கற மாதிரி. எனக்குச் சந்தோசம், பொண்ணு பேசிருச்சேன்னு. சொன்னேன். திதி, எலுமிச்சம்பழம், ரேடியேட்டர், வைப்பர், நீல மூடி. நீல மூடின்னதும், "எவ்வளவுப்பா?"ன்னா. "கஞ்சத்தனம் பண்ண மாட்டேன் அம்மிணி, ரெண்டு கேனு"ன்னேன். எந்திரிச்சு உள்ள போயிட்டா. ஷாலை வாயில பொத்திட்டு ஒரு சத்தம். சிரிக்கறாளா அழுகறாளான்னே தெரியலை.

திரும்பி வந்து, "அப்பா, அந்தத் தீர்த்தம்..."னு ஆரம்பிச்சா.

நான் அவ கையைப் புடிச்சுக்கிட்டேன். "அம்மிணி, ஊரு சொல்லட்டும், தீபன் சொல்லட்டும். நீ மட்டும் அப்பன் தண்ணி கலந்தான்னு சொல்லிராத கண்ணு. உன் வாயில இருந்து அது வந்துச்சுன்னா எனக்கு அப்பறம் இந்த உசுரு எதுக்கு?"ன்னேன். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அவளுக்கும் கலங்கிருச்சு. கண்ணைத் தொடச்சுட்டு, "நீங்க தண்ணி கலக்கலைப்பா. எனக்குத் தெரியும்"னா. அந்த ஒரு பேச்சுக்கு நான் ஏழு வண்டி அவ பேர்ல எழுதி வெப்பேனுங்க, இருந்தா.

அதோட விடலை. "இனிமே நீங்க தீர்த்தத்துக்கு அலைய வேண்டாம். கன்னிப்பொண்ணு கையால கொண்டாந்தா செய்வினை நிக்காதாம். நானே போய்ப் புடிச்சாறேன்"னுட்டா. கெமிஸ்ட்ரி படிச்ச பொண்ணுக்கு பக்தி வந்துருச்சு பாருங்க! அப்பறம் ஒவ்வொரு அமாவாசைக்கும் அவதான் கூடுதுறைக்குப் போறா. காலையில போனான்னா மத்தியானம்தான் வருவா. அத்தனை கூட்டமாமா. பாவம், முடியெல்லாம் கலைஞ்சு, பட்டறைப் பக்கம் போன மாதிரி துணியில கிரீஸ் கறைகூட இருக்கும். பஸ்ஸுல அவ்வளவு நெரிசல்.

ஆனா கொண்டாந்து குடுத்தாளே, அதுதானுங்க தீர்த்தம்! நான் புடிச்ச தீர்த்தத்துக்கு வாசமே இருக்காது. இவ கொண்டார்றதுல லேசா மூக்கைத் துளைக்கற மாதிரி ஒரு நெடி. மாட்டுக் கொட்டாயாட்ட. எங்க அப்பாரு வாசம்ங்க அது! அப்படியே நீல மூடிக்குள்ள ஊத்துனேன். அமாவாசை தாண்டுச்சு, வெளக்கு எரியலை. அடுத்த அமாவாசையும் தாண்டுச்சு, எரியலை. தொப்பூர்ல ஏறறேன், வண்டி பந்தயக் குருதையாட்டப் போகுது. கோழிக்கூண்டுக்காரன் எங்கயாச்சும் தென்படுவானான்னு தேடிட்டே போனேன்.

அற்புதம் இன்னும் இருக்குதுங்க. அந்தக் கேன் வாயைப் பாருங்க. மூடிக்குக் கீழ, சுத்தி. வெள்ளையாத் தெரியுதா? திருநீறு! தானாப் பூத்துருக்குதுங்க! நான் கண்ணுல ஒத்திக்கிட்டு தெனமும் நெத்தியில வெச்சுக்கறேன். கொஞ்சம் எரியும், சாமி சமாச்சாரம்னா அப்படித்தான்.

போன வாரம் எங்கக்கா ஊட்டுக்கே போனேன். எல்லாரையும் கூட்டி வெச்சுக் கேட்டேன். "டேய் தீபா, சென்சாரும் அதேதான், வண்டியும் அதேதான், ஊத்தறவனும் நான்தான். இப்ப வெளக்கு எரியலை. நான் தண்ணி கலந்தேன்னா இப்ப அந்தத் தண்ணி எங்கடா போச்சு?" பையன் தாரணியைப் பாத்தான். தாரணி விட்டத்தைப் பாத்தா. பொறவு, "ஆமாங்க மாமா. நீங்க தண்ணி கலக்கலை"ன்னான். "சென்சார்?"னேன். "சென்சார் தப்புங்க மாமா"ன்னான். எங்க அப்பாரு போட்டோவை அக்கா ஊட்டுச் சொவத்துல மாட்டியிருக்கு. அதைப் பாத்தேன். சிரிக்கற மாதிரி இருந்துச்சு.

நாளைக்குக் காலையில நிச்சயமுங்க. வெத்தலைபாக்குத் தட்டு இந்த வண்டியிலதான் மண்டபத்துக்குப் போகுது. எல்லாம் சரிதான். ஆனா மனசுல ஒரு மூலையில ஒரு சந்தேகம். அவன் நெஜமா நம்பித்தான் சொன்னானா, இல்ல பொண்ணு வேணும்னு சொன்னானான்னு. அதுக்குத்தானுங்க இந்தக் கேனு. போன அமாவாசைக்கு அவ கொண்டாந்ததுல பாதியை ஊத்தாம எடுத்து வெச்சுட்டேன், ஒருத்தருக்கும் சொல்லலை. நாளைக்குச் சபையில, எல்லாரு முன்னாலயும், இந்தத் தீர்த்தத்தை வெள்ளிச் சொம்புல ஊத்தி மாப்பிள்ளை கையில குடுக்கப் போறேன். ஒரே மடக்குல குடிச்சான்னா என்னை நம்பறான், கல்யாணம். வேண்டாம், கலந்ததுன்னு வாயைத் தொறந்தான்னா, தட்டு திரும்பி இதே வண்டியில ஏறிரும். கட்டிக்கப் போறவளோட அப்பன் குடுக்கற தீர்த்தத்தை எவனாச்சும் வேண்டாம்பானா? சொல்லுங்க. அப்பறம் சம்பந்திக, பெரியவங்க, கொழந்தைக எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு கை.

ஏனுங்க, மூஞ்சி ஒரு மாதிரி ஆகுது? வெக்கையா? கொஞ்சம் வாயை நனைச்சுக்கங்க. இருங்க, மூடியைத் தொறக்கறேன். வண்டிதான் நிக்குதே. கையை நீட்டுங்க, மொதல் தீர்த்தம் உங்களுக்கு. அட, வலது கையை நீட்டுங்க...

அய்யோ! அய்யய்யோ! என்னங்க பண்ணிப்போட்டீங்க! ஏறறப்பவே சொன்னேனே, காலு, காலுன்னு! தூக்குங்க, தூக்குங்க! போச்சு, பூராவும் போச்சு! ஒரு சொட்டு நிக்கலை. என்னது, காலு மரத்துப் போச்சா? மரத்துப் போன காலு இத்தனை வேகமாவா வரும்? பந்தை ஒதைக்கற மாதிரி ஒதைச்சீங்களே சார்! எம் பொண்ணு கூட்டத்துல நசுங்கிக் கொண்டாந்ததுங்க.

சரி, சரி. விடுங்க. வேணும்னா ஒதைச்சீங்க? படிச்ச மனுசன், வேணும்னு ஒருத்தன் சாமி தீர்த்தத்தை ஒதைப்பானா? பாருங்க, நாளைக்கு இந்த எடம் காயறப்ப பூராவும் திருநீறாப் பூத்துக் கெடக்கும். அதுவும் வண்டிக்கு நல்லதுதான்.

நல்லவேளை, இன்னும் ஆத்துப் பக்கம்தான் நிக்கறோம். இந்தப் பாலத்துக்கடியில திருப்புனா பவானி. நானே ஒரு முங்கு முங்கிட்டுப் புதுசாப் புடிச்சுக்கறேன். மாப்பிள்ளைக்கு ஒரு சொம்பு, சபைக்குக் கொஞ்சம். மிச்சத்தை அங்கயே நீல மூடிக்குள்ள விட்டுட்டுத்தான் கெளம்புவேன். பொண்ணு கொண்டாந்ததுக்கே வெளக்கு இப்படி அடங்குச்சுன்னா, அப்பன் கையால ஊத்துனா ஆயுசுக்கும் எரியாது பாருங்க. நாளைக்குத் தட்டு ஏறறப்ப மீட்டர் போர்டு பளிச்சுன்னு இருக்கோணும்.

என்னங்க? சங்ககிரிக்கு அவசரமில்லையா? நீங்களும் கூட வர்றீங்களா? என்னது, நீல மூடிக்கு நீங்க ஊத்தறீங்களா? உங்க கையாலயா?

ஓ... கேனை ஒதைச்ச பாவம் போகோணுமா. அதுவும் சரிதான். நல்ல மனசுங்க உங்களுக்கு. சரி, நான் வண்டிக்கு முன்னால நின்னு சூடம் காட்டறேன், நீங்க அந்தப் பக்கம் நின்னு ஊத்துங்க. சாமி கும்புடறப்ப நான் திரும்பிப் பாக்க மாட்டேன். ஆனா ஒன்னுங்க சார், உங்களை நம்பித்தான் குடுக்கறேன். ஒரு சொட்டு வெளிய சிந்தக்கூடாது.